மொட்டைமாடியில் நிற்பவர்

மதியத்தில் அந்தக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். வெளியே வெயில், உள்ளே இருட்டு, ஆள் யாரும் இல்லை. ஆனாலும் மூலையிலிருந்து சத்தம் வரும். முதலில் ஒரு மெலிந்த ஆண்குரல் "ஹோய்" என்று இழுக்கும். பிறகு சக்கர நாற்காலி உருளும். கனத்த உடம்புக்காரி ஒருத்தி சிரிப்பாள். ஒரு சேவல் கூவும். கடைசியில் சாவிக்கொத்து குலுங்கும். அந்தச் சாவிச் சத்தம் வந்ததும், கல்லாவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும் மனிதர் தலையைத் திருப்பிப் பார்ப்பார். அங்கே யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் திருப்புவார். அது கழுத்தின் பழக்கம். கழுத்துக்கு யார் போய்ச் சொல்வது?

தெருவில் எல்லோரும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை யாரும் அவருக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. படிப்பு, கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான். சினிமாக் கொட்டகையில் தரை கூட்டினார். துறைமுகத்தில் பெட்டி தூக்கினார். அடுத்தவன் கடையில் கேம் மிஷின்களைத் துணியால் துடைத்துக்கொண்டே, எந்த ஸ்க்ரூவைத் திருகினால் எந்த விளக்கு எரியும் என்பதைக் கண்ணாலேயே கற்றுக்கொண்டார். அப்புறம் ஒரு நாள் சொந்தக் கடைக்குச் சொந்த ஷட்டரைத் தூக்கினார். "எனக்கு எவனும் கை குடுக்கல, நானா எழுந்தேன்" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. சொன்னால் என்ன? தன் முதுகில் மூட்டை சுமந்து மேலே வந்தவன் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவான். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் அது காதைக் குடையும்.

சண்டை மிஷின் துறைமுகத்தில் பழைய சாமானோடு சாமானாகக் கிடந்தது. பெட்டி முழுக்க ஜப்பான் எழுத்து. எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் அதைச் சீண்டவில்லை. படிக்கத் தெரியாத இவர்தான் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, மூன்று வயரை ஒட்டி, உயிர் கொடுத்தார். திரை எரிந்ததும் அவரும் அவர் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

சண்டை என்றால் வாட்டசாட்டமான இரண்டு வீரர்கள் மோதிக்கொள்வார்கள் என்றுதானே நினைப்போம்? இதைச் செய்தவன் எந்த மனநிலையில் செய்தானோ. ஓர் உயரமான கட்டடம். மாடிக்கு மாடி ஓர் ஆள். தரைத்தளத்தில் ஒல்லிக்குச்சி ஆசாமி, கழுத்தில் கிடக்கும் நீளத் துண்டாலேயே சுளீர் என்று விளாசுவான். அதற்கு மேலே வெள்ளைக் கோட்டுக்காரன், சக்கர நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டான், ஆள் உயரக் குறடு வைத்திருப்பான். அதற்கு மேலே ஒரு பெரிய அம்மாள், குடையால் இரண்டு தட்டு தட்டிவிட்டு எதிராளியின் மேல் உட்கார்ந்துவிடுவாள், அவ்வளவுதான் சண்டை. அதற்கும் மேலே தலையில் சேவலோடு ஒருவன். சண்டை எல்லாம் சேவல்தான் போடும், ஜெயித்ததும் இவன் சீப்பை எடுத்து முடி வாரிக்கொள்வான். கடைசிப் படிக்கட்டுக் கதவருகே கொண்டை போட்ட ஒருத்தி, கையில் பெரிய சாவிக்கொத்து. அவளை அடித்துச் சாவியைப் பிடுங்கினால்தான் கதவு திறக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் மொட்டைமாடி. அங்கே மேலங்கி காற்றில் பறக்க, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ஒருவன் நின்று சிரிப்பான். கீழே இருக்கிற ஐந்து பேரில் யாரை வேண்டுமானாலும் நாம் எடுத்து விளையாடலாம். மொட்டைமாடிக்காரனை மட்டும் எடுக்க முடியாது. அவன் மிஷினுடைய ஆள்.

அவர்களுடைய ஜப்பான் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. முதலாளி ஒரே மாலையில் எல்லோருக்கும் பெயர் வைத்தார். பெயருக்கு எங்கே போவது, தெருவில்தான் ஆட்கள் இருக்கிறார்களே. ஒல்லிக்குச்சி, பக்கத்துக் கடைத் தையல்காரர். குறடு, எதிர்மாடிப் பல் டாக்டர். குடை, கடைக்கு வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மா. சேவல்காரன் வேறு யார், வேலையை எல்லாம் அடுத்தவனைச் செய்ய விட்டுவிட்டுத் தலைவாரிக்கொண்டு நிற்கும் தன் மச்சான், மனைவியின் அண்ணன்தான். கடைச் சாவியை நாடாவில் கோத்து மணிக்கட்டில் கட்டியிருந்த மனைவியைக் கடைக்கு வருகிறவர்கள் அக்கா என்பார்கள், ஆகவே சாவிக்காரி அக்கா. மொட்டைமாடியில் எல்லோருக்கும் மேலே நின்று சிரிப்பவனுக்கு என்ன பெயர் வைத்தார் என்று சொல்லவும் வேண்டுமா? முதலாளி.

தெரு முழுக்கச் சேதி பரவியது. வீட்டுக்காரம்மா சண்டைக்கு வருவார் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். அவர் வந்தார், குடையை மடக்கினார், திரையில் தான் பல் டாக்டரின் மேல் உட்காருவதைப் பார்த்தார், இன்னொரு தடவை உட்காரச் சொல்லு என்றார். தையல்காரர் மட்டும் தன்னை எப்போதும் தரைத்தளத்திலேயே அடித்துவிட்டுப் போகிறார்கள் என்று கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்தார். மச்சான் தன் சேவலைப் பற்றி மற்ற ஊர்களிலும் போய்ப் பெருமை பேசினார்.

முதலாளிக்கு விளையாடத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை. மொட்டைமாடியில் நிற்பவன் எதற்குக் கீழே இறங்கி ஸ்டிக்கைப் பிடிக்க வேண்டும்? ஒரு பஸ் டிரைவர் முதன்முதலாக மேலே போய் அவரை வீழ்த்தியபோது கடை அதிர்ந்தது. அன்றைக்கு முதலாளி யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வயிற்றில் தனக்கே குத்து விழுந்தது போல் நடந்துகொண்டார். அக்காதான் டிரைவருக்கு டீ கொடுத்து அனுப்பினார். நன்றாக விளையாடும் ஆள் இன்னொருவரும் உண்டு. மதியம் ஷட்டர் இறங்கியதும், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, அக்கா தனியாக விளையாடுவார். முதலாளி கல்லாவுக்குப் பின்னால் கண்ணை மூடியபடி சாவிச் சத்தத்தைக் கேட்பார். அது மிஷினில் குலுங்குகிறதா, மனைவியின் மணிக்கட்டில் குலுங்குகிறதா என்று பிரித்துப் பார்க்க அப்போது அவருக்குத் தேவை இருக்கவில்லை.

இப்படியே பல வருஷம் ஓடியது. பிறகு தையல்காரர் இறந்தார்.

அவருடைய மகன், மீசை முளைத்த நாளிலிருந்து கடைக்கு வருகிறவன், எப்போதும் அப்பாவைத்தான் எடுப்பான். காரியம் எல்லாம் முடிந்து அவன் திரும்பக் கடைக்கு வந்தபோது, ஸ்டிக்கைப் பிடித்த கை தையல்காரர் படத்தின் மேல் போய் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து பல் டாக்டரை எடுத்தது. முதலாளி எழுந்து வந்து, இறந்தவர் ஓய்வாக இருக்கட்டும், இனிமேல் அவரை யாரும் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். ஆனால் மிஷினுக்குச் சட்டம் தெரியுமா? ஆட்டம் தொடங்கியதும் தரைத்தளத்தில் அது பாட்டுக்குத் தையல்காரரை எதிரில் அனுப்பியது. "ஹோய்" என்றார் அவர். மகனுக்குக் கை எழவில்லை. பின்னால் நின்ற டிரைவர்தான் அவன் தோளைத் தொட்டு, "முதல் அடி அப்பா அடிக்கட்டும், அப்புறம் நீ அடி" என்றார். அவன் கையை எடுத்தான். துண்டு சுளீர் என்று விழுந்தது. அதை வாங்கிக்கொண்ட பிறகே அவன் அடித்தான்.

அன்றிலிருந்து அதுவும் அந்தக் கடையின் முறை ஆனது. இறந்தவரை எடுப்பதில்லை, எதிரில் வந்தால் முதல் அடி அவருக்கு.

பிறகு பல் டாக்டர் போனார். அவருக்குப் பிறகு வீட்டுக்காரம்மா, நல்ல வயதில், தூக்கத்தில். அப்போதுதான் டிரைவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "என்ன முதலாளி, கட்டடம் கீழேருந்து வரிசையா காலியாகுதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது முதலாளி. சிரித்துக்கொண்டே மச்சானைப் பார்த்தார். மச்சான் தலை வாரிக்கொண்டிருந்தார்.

மச்சானும் போனார். சீப்பு சட்டைப்பையில் இருந்தபடியே.

அந்தச் சாவுக்குப் போய்விட்டு வந்த முதலாளி, கடைக்குள் நுழைந்ததும் மிஷின் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காத பக்கத்திலிருந்து சேவல் கூவியது. தரைத்தளம், அதற்கு மேலே, அதற்கு மேலே, அதற்கும் மேலே, எல்லாம் காலி. அடுத்தது படிக்கட்டுக் கதவு. கதவருகே நிற்பது யார் என்பதை நினைக்கக் கூடாது என்று நினைத்தார். நினைக்காமல் இருப்பதற்கே நாள் முழுக்க வேலையாக இருந்தது.

அதற்குப் பிறகு கடையில் எடுக்க மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான். வருகிறவர்கள் எல்லோரும் அக்காவையே எடுத்தார்கள். கடைசி மாடியில் அக்காவுக்கும் அக்காவுக்குமே சண்டை, ஒருத்தி நீலப் பாவாடை, ஒருத்தி சிவப்பு. "நாள் முழுக்க என்னையே அடிக்க விட்டா எனக்கு உடம்பு வலிக்காதா?" என்று அக்கா சிரிப்பார். சிரிப்பின் நடுவில் மூச்சு வாங்கும். முதலில் படி ஏறினால் வாங்கியது. பிறகு சாவியைக் கொக்கியில் மாட்டக் கையைத் தூக்கினாலே வாங்கியது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, ஆபரேஷன் செய்துவிடலாம், பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். முதலாளி டாக்டரிடம், தனக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் முதல் வேலையாக மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மெக்கானிக் மிஷினின் முதுகைக் கழற்றி, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு உள்ளே தலையை விட்டார். ஸ்டிக் பழுதா, திரை பழுதா என்று கேட்டார்.

"ரெண்டும் நல்லாதான் இருக்கு" என்றார் முதலாளி. குரலைத் தாழ்த்தினார். "வரிசைய மாத்தணும். மொட்டைமாடிக்காரன் முன்னாடி வரணும். சாவிக்காரி அவனுக்கு அப்புறம் வரட்டும்."

மெக்கானிக் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார். "முதலாளி, ஸ்டிக் லூசா இருந்தா இறுக்கலாம். சத்தம் கம்மியா இருந்தா ஏத்தலாம். யாருக்கு அப்புறம் யாருங்கறது சிப்புக்குள்ள எழுதினது. எழுதினவன் இப்ப இருக்கானோ இல்லையோ."

"எழுதினதுன்னா அழிச்சு எழுது."

"அதுல கை வெச்சா போர்டே போயிடும். திரை கறுத்துடும். அப்புறம் மாடியில இருக்கறவனும் இல்ல, கதவுகிட்ட இருக்கறவளும் இல்ல."

முதலாளி அவசரமாக மிஷினின் முதுகை மூடினார். ஸ்க்ரூவைக்கூடத் தானே இறுக்கினார்.

சிப் போனால் போகட்டும், பெயர் தான் வைத்ததுதானே. வைத்தவன் மாற்ற முடியாதா? அன்றைக்கு மாலை கடை நிறைய ஆள் இருந்தபோது எழுந்து நின்று, இன்றிலிருந்து மொட்டைமாடியில் நிற்பது அக்கா, கதவருகே சாவியோடு நிற்பது தான் என்று அறிவித்தார். கடை விழித்தது.

"முதலாளி, சாவிக்காரி பாவாடை கட்டியிருக்காளே" என்றார் டிரைவர்.

"இருக்கட்டும்."

"கொண்டை போட்டிருக்கா."

"நான் போட்டுக்கறேன்டா. உனக்கு என்ன நஷ்டம்?"

சிரித்தார்கள். ஆனால் ஊரே கூப்பிட்டுப் பழகிய பெயர் ஒரு மாலையில் மாறுமா? "அக்கா சாவிய வீசு" என்று ஒருவன் கத்துவான். "அக்கா இல்ல, முதலாளி" என்று கல்லாவிலிருந்து குரல் வரும். "இதோ மேல வந்துட்டேன் முதலாளி" என்று இன்னொருவன் சொல்வான். "அது அக்கா" என்று குரல் வரும். யார் யாரை அடிக்கிறார்கள் என்று ஒருவருக்கும் புரியாமல் போனது. முதலாளி மட்டும் விடாமல் திருத்திக்கொண்டே இருந்தார். டீ குடிக்கக்கூட எழவில்லை. நடுவில் தான் எழுந்துபோன நேரம் பார்த்து எவனாவது பழைய பெயரைச் சொல்லிவிட்டால்? அந்த ஒரு தடவையே போதுமானதாகிவிட்டால்?

அவர் எதற்காக இப்படிச் செய்கிறார் என்பதை முதலில் புரிந்துகொண்டது டிரைவர். கட்டடம் காலியாகிறது என்று முதலில் சொன்ன வாய் அல்லவா. அதற்குப் பிறகு அவர் அதைச் சிரித்துப் பேசவில்லை. அக்காவிடம் போய்ச் சொன்னதும் அவர்தான்.

மறுநாள் மதியம் ஷட்டர் இறங்கியது. அக்கா மிஷின் முன்னால் தலையணை போட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு மெலிந்துபோய், நாடாவை இன்னொரு சுற்று சுற்றியிருந்தார். கல்லாப் பக்கம் திரும்பாமலே கூப்பிட்டார்.

"இங்க வாங்க. கொஞ்சம் இதைப் பாருங்க."

முதலாளி வந்து நின்றார். மனைவியின் விரல்கள் பட்டனில் ஓடிய வேகம் அவருக்கே புதிதாக இருந்தது. தையல்காரர், பல் டாக்டர், வீட்டுக்காரம்மா, அண்ணன். ஒவ்வொருவருக்கும் முதல் அடியை விட்டுக்கொடுத்தார். அண்ணனுக்கு மட்டும் இரண்டு அடி. பிறகு கதவு. பிறகு மொட்டைமாடி. அங்கே போனதும் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னாச்சு? வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல. அவனைப் பாருங்க."

மொட்டைமாடிக்காரன் இடுப்பில் கை வைத்து உரக்கச் சிரித்தான். யாரும் அடிக்கவில்லை. இன்னொரு தடவை சிரித்தான், இந்தத் தடவை கொஞ்சம் சின்னதாக. வலப்பக்கம் பார்த்தான். இடப்பக்கம் பார்த்தான். மேலங்கியைச் சுருட்டித் தனக்கடியில் வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தான். ஒரு செருப்பைக் கழற்றி, உள்ளே இருந்த கல்லைத் தட்டினான். அப்புறம் செய்ய ஒன்றும் இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

எத்தனையோ பேர் அவனை அடிப்பதைப் பார்த்திருக்கிறார் முதலாளி. அவன் உட்கார்ந்து பார்த்ததில்லை. வைத்த கண் வாங்காமல் அவனையே பார்த்தார். அவனுடைய முதுகு கூனியிருந்தது.

"அடிக்க யாரும் இல்லேன்னா இப்படித்தான்" என்றார் அக்கா. "நான் எப்பலேருந்தோ பாக்கறேன். அடிக்க வர்றவனா இருந்தாலும் அவனுக்கு ஒரு ஆள் வரணும். நீங்க என்னை இங்க கொண்டாந்து நிறுத்தப் பாத்தீங்க."

"நான் முன்னால போறேன்னுதானே…"

"தெரியுது. பெருசா விட்டுக்குடுத்ததா நெனப்பு. எந்த மாடியிலயும் ஆள் இல்லாத கட்டடத்துல மேல நிக்கறது எனக்கு எதுக்கு? உங்களுக்காவது வாய் இருக்கு. தனியாவே பெருமை பேசிக்குவீங்க."

அப்போ எனக்கு மட்டும் எதற்கு என்று அவர் கேட்டிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. வாழ்நாள் முழுக்க மேலே நிற்பதைப் பற்றியே பேசிய வாயிலிருந்து அது வெளியே வரவில்லை. "வெறும் கேம்தானே இது" என்றார்.

"அதைத்தான் நானும் சொல்றேன். கேம்தான். பேரை எல்லாம் பழையபடி விட்டுடுங்க. பாவம், எல்லாரும் குழம்பிப் போறாங்க."

திரையில் நேரம் தீர்ந்தது. ஏதோ ஜப்பான் எழுத்து, பெரிதாக, வெள்ளையாக வந்து நின்றது.

"ஜெயிச்சா வர்ற எழுத்து இது இல்ல" என்றார் அக்கா. "தோத்தா வர்றதும் இல்ல. இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியாது. பார்க்க நல்லா இருக்கு, இல்ல?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொன்னார்கள். அக்கா கண் விழித்தார், தண்ணீர் குடித்தார், ஷட்டருக்கு எண்ணெய் போடச் சொன்னார். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன காலையில், கிளம்புவதற்கு முன்பே போய்விட்டார். படித்தவர்கள் இந்த இடத்தில் இரண்டு பக்கம் எழுதுவார்கள். முதலாளி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆகவே இங்கும் அவ்வளவுதான்.

நாடாவிலிருந்து சாவியை அவிழ்த்து முதலாளி தன் பையில் போட்டுக்கொண்டார். கனமான துணி ஒன்றை உள்ளே திணித்து, நடக்கும்போது குலுங்காமல் பார்த்துக்கொண்டார்.

கடை மறுபடியும் திறந்தது. கார் மிஷினில் கூட்டம், விமான மிஷினில் கூட்டம். சண்டை மிஷினுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. முதலில் மரியாதைக்கு விலகி நிற்கிறார்கள் என்று நினைத்தார். நாள் போகப் போகத்தான் உறைத்தது. எடுக்க ஆள் இல்லை. ஐந்து பேரும் ஓய்வில் இருக்கிறார்கள். யாரும் எடுக்கக் கூடாது என்ற சட்டம் அவரே போட்டது. யாரையும் எடுக்காமல் தரைத்தளத்தில் நுழைய முடியாது. தரைத்தளத்தில் நுழையாதவன் மாடிக்கு எப்படி வருவான்? கட்டடத்தின் வாசல் கதவை அவரே சாத்திவிட்டு மேலே போய் நின்றுகொண்டிருக்கிறார்.

ஆட்களுடைய பார்வையும் மாறிவிட்டது. அவர் இருமினால் கார் மிஷினில் பிரேக் போடுகிறார்கள். படியில் இறங்கும்போது நாலு பக்கத்திலிருந்தும் கை நீளுகிறது. தையல்காரரின் மகன் ஒரு நாள், வெயிலில் நிற்காதீர்கள் என்று குடை பிடித்தான். எவனும் கை கொடுக்காமல் எழுந்த மனிதருக்கு இது செருப்பால் அடித்தது போல இருந்தது. திட்டினார். திட்டை அவர்கள் வாங்கிக்கொண்ட பணிவு அதைவிட மோசமாக இருந்தது. இவர்கள் எல்லோரும் சேர்ந்து தன்னைக் காவல் காக்கிறார்கள் என்று புரிந்தது. அந்த மிஷினை யாரும் தொடாமல் இருக்கிற வரைக்கும் மேலே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. தான் பயந்த அதே பயம், இப்போது இவர்கள் கண்ணில்.

மதியத்தில் மிஷின் தானாகவே கூப்பிடும். யாரும் விளையாடாவிட்டால் ஆட்களை ஒவ்வொருவராகக் காட்டுவது அதன் வழக்கம். ஹோய். நாற்காலி. சிரிப்பு. சேவல். சாவி. கழுத்து திரும்பும். ஒரு மதியம் பொறுக்க முடியாமல் எழுந்து போய்ப் பிளக்கில் கை வைத்தார். பிடுங்கினால் எல்லாம் அடங்கிவிடும். சாவியும் அடங்கிவிடும். கையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சாவிக்குப் பிறகு மொட்டைமாடிக்காரன் வந்து இடுப்பில் கை வைத்துச் சிரித்தான். ஆள் இல்லாத கடையில், யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் இவன்? அடிக்க வர்றவனா இருந்தாலும் ஒரு ஆள் வரணும் என்று யாரோ சொன்னது போல இருந்தது. யாரோ என்ன யாரோ. யார் என்று அவருக்குத் தெரியும்.

டிரைவருக்கு மதியத்தில் இரண்டு டிரிப்புக்கு நடுவே கொஞ்சம் ஓய்வு உண்டு. அன்றைக்கு ஆள் அனுப்பி அவரை வரச் சொன்னார். டிரைவர் பாதி இறங்கிய ஷட்டருக்கடியில் குனிந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். உடம்புக்கு ஏதாவதா என்றுதான் முதலில் கேட்டார்.

"உடம்பு கல்லு மாதிரி இருக்கு. அதுல உக்காரு." முதலாளி சண்டை மிஷினைக் காட்டினார். "ஆடு."

டிரைவர் உட்காரவில்லை. "எடுக்க யார் இருக்கா முதலாளி?"

"அக்காவை எடு."

"நீங்க போட்ட சட்டம்."

"நான் போட்டதுதானே. நானே எடுக்கறேன்."

டிரைவர் தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அக்காவை எடுத்துக்கிட்டு மேல வந்து உங்களை அடிக்கச் சொல்றீங்க. என்னால ஆகாது. அன்னிக்கு ஏதோ வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னேன். அதுலேருந்து எனக்குச் சரியா தூக்கமே இல்ல."

முதலாளி யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனிதர். துறைமுகத்தில் முதுகு ஒடிந்த நாளில்கூட, கொஞ்சம் பிடி என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னவர் இல்லை. பையிலிருந்த துணியை எடுத்துக் கல்லாவின் மேல் போட்டார். சாவிக்கொத்து வெறும் பைக்குள் இறங்கிக் குலுங்கியது.

"அடிக்கச் சொல்லலப்பா" என்றார். "மேல வந்துட்டுப் போன்னுதான் கேக்கறேன். யாருமே வர்றதில்ல."

டிரைவர் தொப்பியை மிஷினின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஸ்டிக் சாவிக்காரியின் படத்துக்குப் போய் நின்றது. பட்டனை டிரைவரின் விரல் அழுத்தவில்லை. முதலாளி குனிந்து, தானே அழுத்தினார். அந்த மிஷினில் அவர் தொட்ட முதல் பட்டன் அது.

தையல்காரர் ஹோய் என்றார். முதல் அடி அவருக்கு. பல் டாக்டர் உருண்டு வந்தார். வீட்டுக்காரம்மா உட்கார்ந்து எழுந்தார். சேவல் கொத்தியது, மச்சான் பேசாமல் பக்கத்தில் நின்றார். டிரைவர் ஒவ்வொருவருக்கும் கையை எடுத்தார், காத்திருந்தார், பிறகு மெல்ல, உறங்குகிறவரைப் புரட்டிப் படுக்க வைப்பதுபோல வீழ்த்தினார். கதவருகே நீலப் பாவாடையும் சிவப்புப் பாவாடையும் எதிரெதிரே நின்றன. அங்கே டிரைவரின் கை வெகுநேரம் எழவில்லை. முதலாளிதான், "போகலாம், அவ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா" என்றார். சாவி திரும்பியது. கதவு திறந்தது.

மொட்டைமாடி. காற்று. மேலங்கிக்காரன் இடுப்பில் கை வைத்துச் சிரித்தான்.

டிரைவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். அவன் மறுபடி, சின்னதாகச் சிரித்தான். வலம் பார்த்தான், இடம் பார்த்தான். மேலங்கியைச் சுருட்டி அடியில் வைத்து உட்கார்ந்தான். செருப்பைத் தட்டினான். முதலாளி இந்தத் தடவை அவனைப் பார்க்கவில்லை. அன்றைக்குத் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றதில் திரையின் மறு ஓரத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டார். இப்போது பார்த்தார். அந்தப் பக்கத்தில் அவளும் உட்கார்ந்திருந்தாள். கொண்டையைச் சரி செய்துகொண்டாள். சாவிக்கொத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு சாவியாகத் தள்ளி எண்ணினாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். எத்தனை மதியங்கள், முதுகுக்குப் பின்னால் இந்தச் சத்தம் கேட்டபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தார்.

நேரம் குறைந்துகொண்டே வந்தது. வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. டிரைவர் திரும்பிப் பார்க்காமலே தணிந்த குரலில் கேட்டார்.

"இப்ப நான் என்ன பண்ணட்டும் முதலாளி?"

"ஒண்ணும் பண்ணாத" என்றார் முதலாளி. பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இரு. அந்த எழுத்து வரட்டும்."